அரைப் பேர்



இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 'அரைப் பேர்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. காலையில் பெரட்டுக்களம் போய், மலையேறி, அட்டைக்கடியோடு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் குறித்த கிலோ தேறாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான். கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு, செக்ரோல் என்ற பதிவேட்டில் என்ன விழுகிறதோ, தோட்டத்துக்கு அதுதான் நடந்தது. நாள் முழுக்க நின்ற ஆள், பதிவில் பாதி ஆள்.

அப்படியானால், நாம் அறிவதும் உண்மையில் இருப்பதும் ஒன்றா? ஜெர்மானியத் தத்துவத்தைப் பிடித்து ஆட்டிய கேள்வி இது. ஒன்றல்ல என்றார் இம்மானுவேல் கான்ட், 1781இல் வெளியிட்ட 'தூய பகுத்தறிவின் விமர்சனம்' நூலில். இடம், காலம், காரண காரியம் என்று கோடு போட்ட ஒரு செக்ரோல் மனசுக்குள்ளேயே இருக்கிறது; அந்தக் கட்டங்களில் விழுவது மட்டுமே நமக்குத் தெரியும். பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது எட்டாது. உவமை ஓரிடத்தில் நொண்டும். தோட்டத்துச் செக்ரோலைச் சண்டை போட்டு மாற்றலாம். கான்ட் சொல்லும் கட்டங்கள் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே, மாற்ற வழியில்லை.

கான்ட்டுக்குப் பின் வந்த ஹெகலுக்கு இது ஒப்பவில்லை. எல்லை இதுதான் என்று சொல்பவன் அதற்கு அப்பாலும் எட்டிப் பார்த்துவிட்டானே என்று மடக்கினார். 1807இல் வந்த அவருடைய 'மனத்தின் தோற்றப்பாட்டியல்' நூலில் ஓர் எசமானும் ஊழியனும் வருகிறார்கள். ஆக்கி வைத்ததை அனுபவிப்பதோடு எசமானின் அறிவு முடிந்துவிடுகிறது. ஊழியனோ பொருளோடு மல்லுக்கட்டி, அதற்கு உருக்கொடுத்து, அதிலே தன்னைக் கண்டுகொள்கிறான். இலங்கையில், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867இல். அப்போது ஹெகல் இறந்து 36 வருஷம். ஆனாலும், பேச்சு ஒரு பக்கம் நடக்க, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று விரல் தானாகவே அறிகிறதே, அந்த அறிவை இதைவிடக் கிட்ட வந்து தொட்ட தத்துவம் இல்லை என்பேன்.

ஹெகலின் அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் ஒருவர் தன்னை முழுதாக அறிய முடியும். மலையகம் அடிபட்டது இங்கேதான். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் நம் மக்கள். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையை வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் செக்ரோலில் இருந்தார்கள், நாட்டின் பதிவில் இல்லை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு முழுப் பேர் போட்ட சட்டம் 2003இல்தான் வந்தது.