காய்ச்சல் இறங்கியது, கிருமி இறங்கவில்லை
(நாட்டரசன்கோட்டைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். சூடு தணிந்ததும் கடையைத் திறந்து விடுகிறோம். பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு இந்தப் பழக்கமே உயிருக்கு உலை வைத்துவிடும்.

யார் அந்தச் சிலர்? சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து மூட்டு மூட்டாக வீங்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வு பழுதானவர்கள். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கிய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் வால்வு மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது.

பல் ஈறு வழியாகவோ புண் வழியாகவோ இரத்தத்தில் கலக்கும் கிருமி, இப்படிப்பட்ட வால்வில் ஒட்டிக் கூடு கட்டிவிடும். பென்சிலின் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது.

நோயாளியை அருகிருந்து பார்ப்பவர்கள் நம் வீட்டுத் தாய்மார்கள்தான். ஆகவே இதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா? இரவில் உடம்பு வியர்த்துச் சட்டை நனைகிறதா? சாப்பாடு பிடிக்காமல் ஆள் இளைக்கிறாரா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நகத்தடியில் முள் ஏறியதுபோல் மெல்லிய சிவப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். விரல் நுனியில் தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சு இருக்கலாம். கண்ணாத்தாள் கோயிலால் கண்ணுக்குப் பேர்போன ஊர் இது. கீழ் இமையை இழுத்தும் பாருங்கள், இரத்தப் புள்ளி இருக்கலாம். இவை எதுவும் தெரியாமலும் நோய் இருக்கும். காய்ச்சலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அரைகுறையாக விழுங்கும் மாத்திரை கிருமியைக் கொல்லாது, மறைத்துவிடும். பிறகு இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஒன்றும் தெரியாது. எந்த மருந்து கேட்கும் என்று டாக்டரும் திணறுவார். நரம்பு வழியாக 4 முதல் 6 வாரம் மருந்து ஏற்ற வேண்டிய நோய் இது. இரண்டு நாள் மாத்திரை எம்மாத்திரம்?

பக்கத்தில் சிவகங்கையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனதும், "இவருக்கு வால்வில் கோளாறு உண்டு, மருந்துக்கு முன் இரத்தச் சோதனை வேண்டுமா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை விழுங்கியிருந்தால் மறைக்காதீர்கள். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.