மண் சரிந்தால் பஸ் எந்த வழி?



"இன்டர்நெட் பத்திப் பேசுப்பா, ஆனா எங்களுக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். அதனால் நம்ம ரோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2009 நவம்பர் மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க முடியாது. நாற்பது பேருக்கு மேல் மண்ணில் புதைந்து போனார்கள். குன்னூர் பாதையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் பஸ் கோத்தகிரி வழியாகப் போகும். டிரைவருக்கு யார் சொல்வது? எதிரே வருகிற பஸ்காரர்தான். "பர்லியாறுகிட்ட மரம் விழுந்திருக்குண்ணே, போகாதீங்க." இப்படி ஒருவருக்கொருவர் சொல்லியே செய்தி மலை முழுக்கப் பரவிவிடும்.

இன்டர்நெட்டில் இந்த வாய்ச்செய்திக்குப் பெயர் பி.ஜி.பி. 1989-ல் கிர்க் லாகீட், யாகோவ் ரெக்டர் என்ற இருவர் சாப்பாட்டு மேஜையில் நாப்கின் காகிதத்தில் எழுதிப் பார்த்தது. "இந்த விலாசங்களுக்கு என் வழியாக வா" என்று ஒரு நெட்வொர்க் சொல்லும், பக்கத்து நெட்வொர்க் நம்பும். தொல்லையே அந்த நம்பிக்கையில்தான்.

2008 பிப்ரவரி 24-ல் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட வழி வெளியே கசிந்தது. யூடியூப் 1,024 விலாசங்களை மொத்தமாக அறிவித்திருந்தது; இவர்கள் அதிலே 256-ஐ மட்டும் சொன்னார்கள். குறிப்பாகச் சொல்பவருக்கே முதலிடம் என்பது விதி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 16-ல் வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்கிலிருந்து, தனக்குச் சொந்தமில்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகள் கிளம்பின.

நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு கம்பெனிகளிடம் லைன் வாங்கியிருந்த ஒரு சின்ன வாடிக்கையாளரை இணைத்தேன். வடிகட்டி போட மறந்துவிட்டேன். மற்ற கம்பெனியிடம் கேட்ட வழிகளையெல்லாம் அவர் எங்களிடம் ஒப்பித்தார். எங்கள் ரௌட்டர் நம்பியது. மேட்டுப்பாளையம் லாரி அத்தனையையும் எஸ்டேட் ரோட்டில் திருப்பிவிட்ட மாதிரி! ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் நாற்பது நிமிடம் போய்ச் சேரவில்லை. அந்த டாக்டர் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "இவரிடம் பத்து வழிக்கு மேல் வந்தால் இணைப்பைத் துண்டி" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இப்போது ஆர்.பி.கே.ஐ. என்ற கையெழுத்து முறை வந்திருக்கிறது. விலாசம் யாருடையது என்பதைத்தான் அது சரிபார்க்கும், வந்த பாதையை அல்ல. நான் செய்த தப்பை அது பிடித்திருக்காது. அளவும் சும்மா இல்லை: உலகப் பட்டியலில் வழிகள் பத்து லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. 100 ரௌட்டர்கள் ஒன்றோடொன்று நேரே பேசினால் 4,950 இணைப்புகள்! அதனால் சிலரை நடுவில் தகவல் சொல்ல வைத்து மற்றவர் கேட்டுக்கொள்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இரண்டு கம்பெனி லைன் இருந்தால் பயமில்லை என்பார்கள். இரண்டு கேபிளும் பர்லியாறு ரோட்டோரமாகவே ஏறி வந்தால், மண் சரியும்போது பி.ஜி.பி. என்ன செய்யும் பாவம்? நம் கல்லூரிக்கு லைன் எந்தெந்த வழியாக வருகிறது என்று கேட்டு, மேப்பில் குறித்து வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு லேபில் உட்கார்ந்து பார்ப்போம்.