குயில் சத்தத்துக்கும் உருவம் உண்டு
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்க்கில் 34 வருஷம் லெட்ஜர் எழுதியவன் கலையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். ஐந்தே நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவைக் குரலையும் மழை ஓசையையும் பதிவு செய்து, அதையே சிற்பமாக்கும் கலைஞர்கள் இன்று இருக்கிறார்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. கணினியில் போட்டால் மலைத்தொடர் போல ஏறி இறங்கும் கோடாகத் தெரியும். சத்தம் கூடினால் மேடு, குறைந்தால் பள்ளம். மாதாமாத வரவு செலவை வரைபடமாகப் போடுகிறோமே, அதுபோலத்தான். அந்த வடிவத்தை மரத்திலோ உலோகத்திலோ கடைந்தெடுத்தால் சிற்பம்.

ஒலியைக் கோடாக்கும் முயற்சி பழையது. 1857இல் பிரான்ஸில் ஸ்காட் என்பவர், புகைக்கரி படிந்த காகிதத்தில் ஒலியை வரையும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். திரும்பக் கேட்கத்தான் அவருக்கு வழியில்லை. 1860இல் அவர் பதிந்த பாட்டு, 2008இல் கணினி மூலம் காதில் விழுந்தது!

நம் சிற்பிகளோ கல்லிலிருந்தே ஒலியை வரவழைத்தார்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில், மதுரை, சுசீந்திரம் இசைத்தூண்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். உள்ளே பொள்ளல் இல்லை, கெட்டிக் கல்தான். தட்டும்போது தூண் அதிர்வதால் வருவதே அந்த இசை.

இதெல்லாம் இங்கே எதற்கு? பின்பக்க வேப்பமரத்தை வெட்டி நாலு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்ற மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வாரம் என் பேரன், விடியற்காலைச் சத்தத்தை மாடியிலிருந்து செல்போனில் பதிந்து, அந்தக் கோட்டைக் காட்டினான். "தாத்தா, இது மலைக்கோயில் மணி, இது ரயில், இதெல்லாம் குயில்" என்றான். வரிசையாகச் சின்னச் சின்ன கோபுரங்கள்.

கோயில் மணியும் ரயிலும் நம் கையில் இல்லை. அந்தக் குயில் உட்காரும் மரம் நம் கையில் இருக்கிறது. சிற்பி குரலின் வடிவத்தைக் காப்பாற்றலாம். குயிலைக் காப்பாற்ற முடியாது.

கார் இல்லாதவன் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். என் காரும் தெருவில்தான் நிற்கிறது. ஜெனரேட்டர் பக்கத்தில் குவிந்திருக்கும் பழைய சாமான்களை ஒழித்தால் இரண்டு வண்டி நிற்கும். முதலில் அதைச் செய்வோம்.

மனுவிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.