நிறங்களைப் பாடிய ஒரு குழு



வண்ணம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நிறம் என்றும் பொருள் உண்டு. சந்தம் என்றும் பொருள் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களை எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்றேனும் கண்ணால் காணும் நிறமன்று, காதால் கேட்கும் ஓசை நடையே. ராகம் என்னும் வடசொல்லும் நிறமூட்டுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததுதான். கச்சேரியின் தொடக்கத்தில் பாடப்படும் உருப்படிக்கு வர்ணம் என்றே பெயர். ஆகவே, நிறங்களை இசையாக்க முனைந்த ஓர் அமெரிக்க ராக் இசைக் குழுவைப் பற்றிக் கேள்வியுற்றபோது நமக்கு வியப்பு உண்டாகவில்லை. அதை அவர்கள் எவ்வாறு செய்தார்கள் என்று அறியும் ஆவலே உண்டாயிற்று.

அக்குழுவின் பெயர் தி டியர் ஹன்டர். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் தோன்றியது. பாடல்களை இயற்றுபவரும் பாடுபவரும் கேசி கிரெசென்சோ என்பவர். ஒரு சிறுவனின் பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள கதையை ஆறு அங்கங்களாகப் பாடுவது என்று திட்டமிட்டு, 2006, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் மூன்று அங்கங்களை அவர் வெளியிட்டிருந்தார். நெடுங்கதை எழுதுகிறவர்கள் இடையில் களைப்புறுவது உண்டு. கதைமாந்தர் கையைப் பிடித்து இழுத்த வழியிலேயே எழுதிக்கொண்டிருந்தால், எழுதுகிறவனுடைய சொந்தக் குரல் எங்கே என்ற ஐயமும் எழும். கிரெசென்சோ கதையை மூடி வைத்தார்; நிறங்களை எடுத்துக்கொண்டார்.

2011 நவம்பரில் தி கலர் ஸ்பெக்ட்ரம், அதாவது நிறமாலை, என்ற பெயரில் அத்தொகுதி வெளிவந்தது. ஒன்பது சிறு இசைத்தட்டுகள். தட்டுக்கு நான்காக 36 பாடல்கள். கறுப்பில் தொடங்கி, வானவில்லின் ஏழு நிறங்களையும் கடந்து, வெள்ளையில் முடிகிறது. கறுப்பில் எந்திர ஓசையும் அச்சமும் கலந்திருக்கின்றன. சிவப்பில் கிட்டார்கள் சீறுகின்றன. மஞ்சளில் வெயில் காயும் துள்ளலான மெட்டுக்கள். பச்சைக்கு வந்தால் மின்விசை ஒலி அடங்கி, நாட்டுப்பாடல்களின் எளிமை தலைகாட்டுகிறது. நீலம் நிதானமாக, நீர்ப்பரப்பைப்போல் விரிகிறது. ஊதாவில் நாடக மேடையின் ஆரவாரம். ஒன்பதிலும் ஒலிப்பது ஒரே மனிதரின் குரல். ஆனால் அது ஒன்பது உடைகளை உடுத்திக்கொண்டு வருகிறது. உள்ளதைச் சொல்ல வேண்டுமாயின், எல்லா உடைகளும் அவருக்குப் பொருந்திவிடவில்லை. ஆரஞ்சு நிறத் தட்டைக் கேட்கும்போது, 1970ஆம் ஆண்டுகளின் ராக் இசைக்காரர் யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். வானவில்லுக்கு ஏழு நிறங்கள் என்று வரையறுத்தவர் ஐசக் நியூட்டன். முதலில் அவர் ஐந்து நிறங்களையே முதன்மையாகக் கொண்டார். இசையின் ஏழு சுரங்களோடு ஒத்து வரவேண்டும் என்பதற்காகவே ஆரஞ்சையும் கருநீலத்தையும் பின்னர் சேர்த்துக்கொண்டார். 1704இல் வெளியான ஒளியியல் நூலில் நிறங்களை அவர் சுர அளவுகளோடு பொருத்திக் காட்டியிருக்கிறார். அந்தக் கருநீலத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் இண்டிகோ என்ற பெயரோ நம் நாட்டின் பெயரிலிருந்து போனது. அவுரிச் செடியின் சாயம் இங்கிருந்து கப்பலேறிய காலத்துப் பெயர். இசைக்காக வானவில்லில் நுழைந்த அந்த நிறத்திற்கும் கிரெசென்சோ நான்கு பாடல்கள் இயற்றியிருக்கிறார். இசை கொடுத்த கடனை இசையே திரும்பப் பெற்றுக்கொண்டது எனலாம்.

ஒலிக்கு மெய்யாகவே நிறம் உண்டா? ருஷ்ய நாட்டு ஸ்க்ரியாபின், உண்டு என்று உறுதியாக நம்பினார். 1910இல் அவர் முடித்த பிரோமிதியஸ் என்ற படைப்பில், ஒளியை வீசும் கருவிக்கும் தனியாகச் சுரவரிசை எழுதினார். 1915இல் நியூயார்க்கில் வண்ண விளக்குகளுடன் அது வாசிக்கப்பட்டது. அவருக்கு சி மேஜர் என்னும் சுருதி சிவப்பு. அவருடைய நாட்டினரான ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கோ அதே சுருதி வெள்ளை. இருவரும் பாரிஸ் நகரில் இதைப் பற்றி உரையாடினர். உடனிருந்த ரக்மானினோவ் இதை நம்ப மறுத்தார். ஆனால் டி மேஜரைப் பொன்மஞ்சள் என்பதில் அவ்விருவரும் ஒத்திருந்தனர். ரக்மானினோவின் இசைநாடகத்தில், கருமி தன் பொற்குவியலைத் திறக்கும் காட்சி டி மேஜரில்தானே அமைந்திருக்கிறது என்று ரிம்ஸ்கி-கோர்சகோவ் அவரையே மடக்கிவிட்டாராம்.

நம் நாட்டிலும் இக்கணக்கு பழையது. பரதரின் நாட்டிய சாத்திரம் எட்டு ரசங்களுக்கும் நிறம் வகுத்திருக்கிறது. கோபத்திற்குச் சிவப்பு, அச்சத்திற்குக் கறுப்பு. கிரெசென்சோவின் தட்டுகளிலும் அவ்வாறே. குருதியையும் இருளையும் அறியாத நாடு இல்லையல்லவா? ஆயின் பரதருக்கு வெள்ளை நகைச்சுவையின் நிறம். அமெரிக்கக் குழுவினருக்கோ அது மேலே எழும் நம்பிக்கை. உடல் கற்றுத் தந்த நிறங்களில் மனிதர் ஒன்றுபடுகின்றனர். ஊர் கற்றுத் தந்தவற்றில் பிரிந்து நிற்கின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது நாள்தோறும் கண்ட செய்தி. கேரளத்தில் வெள்ளையும் பொன்கரையும் மங்கலம். வடக்கே பல இடங்களில் வெள்ளை கைம்மையின் அடையாளமாக இருந்து வந்தது. கறுப்பை அச்சத்திற்கு விட்டுக்கொடுக்கவும் நமக்கு மனம் வருவதில்லை. கார்முகில் வண்ணனைப் பாடிப் பழகிய நாக்கு ஆயிற்றே! அக்குழுவின் கறுப்புத் தட்டைக் கேட்டபோது, திறமையான இசை என்று அறிவு ஒப்பியது; இது கறுப்பன்று என்று மனம் முரண்டியது. பிறந்த இடத்தில் கற்ற நிறங்களைக் குடிபெயர்ந்த இடத்தில் மறப்பது எளிதன்று போலும்.

இத்தொகுதியை வைத்து நம் இல்லத்தில் ஒரு மாலை சிறிய சோதனை ஒன்று நடத்தினோம். தட்டின் பெயரை மறைத்துப் பாடலை மட்டும் ஒலிக்கச் செய்து, என்ன நிறம் என்று கேட்டோம். பிள்ளைகள் முதல் முதியோர் வரை சிவப்பைத் தவறவிட்டவர் ஒருவருமில்லை. கருநீலத்தைக் கண்டுபிடித்தவரும் ஒருவருமில்லை. இறுதியாக வெள்ளைத் தட்டின் பாடல் ஒன்றை வைத்தோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இது மஞ்சள்தான், சந்தேகமே இல்லை, கல்யாண வீடு மாதிரி இருக்கிறதே!" என்றார்.