வெட்டிய ஓரத்துக்கு என்ன வேலை?



கரூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கூரையும் இல்லாமல் பக்கச் சுவரும் இல்லாமல், எஞ்சின், சட்டம், சக்கரம் மட்டுமாக பஸ் சேசிஸ் வரிசையாக நிற்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை வெயிலில் ஓட்டி வந்திருப்பார் டிரைவர். அதன்மேல் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, சீட் போட்டு முழு பஸ்ஸாக அனுப்புவது அந்த ஊர்ப் பட்டறைகள். லாரிக்கு நாமக்கல் எப்படியோ, பஸ்ஸுக்குக் கரூர் அப்படி.

ஒரு பஸ் பாடிக்குள் எத்தனை வகை உலோகம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். எலும்புக்கூட்டுக்குச் சதுர டியூப். பக்கச் சுவருக்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு. தரைக்குப் பல இடங்களில் அலுமினியச் செக்கர்டு தகடு. பயணிகள் பிடித்துக்கொள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். பாடியைச் சேசிஸோடு பிணைக்கக் கனத்த பிராக்கெட். எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டியாக வேண்டும். எதை எதனால் வெட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு. சொந்த லாரிக்கு டூல் பாக்ஸ் மாட்ட ஒரு பிராக்கெட் செய்யச் சொல்பவருக்கும் இது பொருந்தும்.

பட்டறையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. எத்தனை மில்லிமீட்டர் கனம்? என்ன கூலி? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் வண்டிப் பாகம் என்றால் அவற்றுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். வெட்டிய ஓரத்துக்கு இனி என்ன வேலை? அதன்மேல் வெல்டிங் வரப்போகிறதா, பெயின்ட் ஏறப்போகிறதா, போல்ட் நுழையப்போகிறதா? இல்லை, வண்டி ஓடும் காலமெல்லாம் அதிர்வை வாங்கிக்கொண்டே இருக்கப்போகிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்த முறை என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

முதலில் நமக்கெல்லாம் பழக்கமான கேஸ் கட்டிங். அது இரும்பை உருக்கி வெட்டுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரும்பை எரிக்கிறது. டார்ச்சின் சுடர் பட்டுத் தகட்டின் விளிம்பு நன்றாகச் சிவக்கும் வரை, அதாவது சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரும் வரை, காத்திருப்பார்கள். பிறகு லீவரை அழுத்தியதும் சுத்த ஆக்சிஜன் பீச்சியடிக்கும். சிவந்த இரும்பு அதில் பற்றி எரியும். எரிந்து உண்டாகும் ஆக்சைடு, இரும்பை விடக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால், அடுத்த பக்கம் வழியாகத் தீப்பொறியாகக் கொட்டிவிடும். அலுமினியத்தில் நிலைமை தலைகீழ். உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் இருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியத்தின் ஆக்சைடு குறுக்கே நிற்கும். அதனால் இரண்டுக்கும் கேஸ் கட்டிங் ஆகாது.

கனத்த இரும்புப் பிளேட்டுக்கும், பழைய பாடியைப் பிரித்துப் போடுவதற்கும் கேஸ் கட்டிங் நல்லது. மெல்லிய தகட்டில் வைத்தால் தகடு நெளிந்துவிடும். சேசிஸ் சட்டத்தில் மட்டும் கேஸ் வைத்து ஓட்டை போட விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் குணம் மாறிவிடும். ஓட்டையின் விளிம்பும் பல்பல்லாக இருக்கும். அதிர்வில் விரிசல் தொடங்குவதற்கு அப்படி ஒரு பல் போதும். அங்கே டிரில் பிட்தான் சரி. அதிலும், வண்டிக் கம்பெனி அனுமதித்த இடத்தில் மட்டும்.

அடுத்தது பிளாஸ்மா. கம்ப்ரசர் காற்றை மின்சார ஆர்க் வழியாகச் செலுத்தி, பல்லாயிரம் டிகிரி சூட்டில் உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளுகிற முறை. மின்சாரம் பாயும் உலோகம் எதுவானாலும் வெட்டும். வேகமும் அதிகம், மெஷின் விலையும் கட்டுப்படியாகும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெட்டு நேர்செங்குத்தாக இராமல் சற்றுச் சாய்ந்திருக்கும். துளை போட்டால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக வரும். இரண்டாவது, நாம் செலுத்தும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். வெட்டிய ஓரம் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக் கடினமாகிவிடும். அப்படியே வெல்டிங் செய்தால் வெல்டுக்குள் ஊசித்துளைகள் விழும். மரை போடப் போனால் டேப் முறியும். வெல்டிங்குக்கு முன் அந்த ஓரத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது லேசர். இதன் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் அந்த வகை லேசரோடு ஆக்சிஜனையும் சேர்த்து, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். இன்று ஜாப் ஒர்க் பட்டறைகளில் அதன் இடத்தை ஃபைபர் லேசர் பிடித்துக்கொண்டது. மெல்லிய தகட்டில் வெட்டுக்கோடு அரை மில்லிமீட்டர்கூட இராது. துல்லியம் அவ்வளவு இருப்பதால், ஒரு தகட்டில் நாக்கும் இன்னொன்றில் பள்ளமும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிறுத்தி வெல்டிங் செய்யலாம். அளவு பிடிக்கத் தனி ஜிக் தேவைப்படாது. ஒரே பிராக்கெட் இருநூறு வேண்டுமென்றால் லேசர்தான் லாபம்.

லேசருக்குக் கொடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆக்சிஜனில் வெட்டுகிறீர்களா, நைட்ரஜனிலா? ஆக்சிஜனில் வெட்டினால் ஓரத்தில் கருநீலமாக ஒரு ஆக்சைடு ஏடு படியும். பார்க்க வழவழப்பாக, ஏற்கெனவே பூச்சு அடித்த மாதிரி இருக்கும். அதன்மேல் பவுடர் கோட்டிங்கோ பெயின்ட்டோ அடித்தால், அந்த ஏடு உரியும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். தகட்டின் நடுவில் பெயின்ட் புதுசாக இருக்கும், ஓரம் மட்டும் துருப்பிடித்திருக்கும். நைட்ரஜனில் வெட்டிய ஓரம் வெள்ளி மாதிரி பளிச்சென்று வரும். கூலி சற்றுக் கூடும். இல்லையென்றால் ஓரத்தைத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். லேசர் கூலியைப் பொதுவாக வெட்டு நீளத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் பார்த்துப் போடுவார்கள். தேவையில்லாத துளைகளை டிராயிங்கிலேயே குறைத்தால் காசும் மிச்சம்.

நான்காவது வாட்டர் ஜெட். ஏறத்தாழ 4,000 பார் அழுத்தத்தில் பாயும் தண்ணீரோடு கார்னெட் மணலைக் கலந்து அறுப்பது. நம் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் செந்நிறமாகத் தெரியுமே, அதே கனிமம்தான். இதில் சூடு இல்லை. உலோகத்தின் குணம் மாறாது. கெட்டிப்படுத்திய எஃகு, கனத்த அலுமினியம், ரப்பர், கண்ணாடி எல்லாம் இதற்கு ஒன்றுதான். மெதுவானது, செலவு கூடியது. சூடே படக்கூடாது என்ற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை புது மெஷின் வந்த பிறகும், பஸ் எலும்புக்கூட்டின் சதுர டியூப்பை வெட்டப் பேண்ட் சா என்ற பட்டை ரம்பம் போதும். நேராக வெட்டும், சூடேறாது, செலவும் குறைவு. கூரை வளைவு சேரும் மூலைக்கு 45 டிகிரியில் சாய்த்து வெட்டவும் அதிலேயே முடியும். நீண்ட நேர்வெட்டுள்ள பக்கத் தகட்டுக்கு, கத்தரிக்கோல் போலத் துண்டிக்கும் ஷீரிங் மெஷினை விடச் சிக்கனமானது இல்லை.

கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு வெட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தை. இரும்பு வெட்டிய வீலால் ஸ்டெயின்லெஸ் கைப்பிடியை வெட்டாதீர்கள். வீலில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் குழாயில் பதிந்து, நாள் போகப் போகத் துருப்புள்ளியாகத் தெரியும். பழி ஸ்டெயின்லெஸ் மேல் விழும். சாதாரண வீலால் அலுமினியத்தையும் வெட்டாதீர்கள். வீலின் கண்களை அது அடைத்துவிடும், வீல் சூடேறி உடையக்கூடும். அதற்கென்று தனி வீல் கிடைக்கிறது. வீலின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தையும் காலாவதித் தேதியையும் பார்த்து மாட்டுங்கள். வீலை மறைக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் எத்தனையோ பேரின் கண்ணையும் விரலையும் வாங்கியிருக்கிறது.

ஜிஐ தகட்டைச் சூடு வைத்து வெட்டும்போது எழும் வெண்புகை துத்தநாகப் புகை. அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். காற்றோட்டமான இடமும் அதற்கேற்ற முகமூடியும் அவசியம். முடிந்தால் ஜிஐயை ஷீரிங்கில் போட்டுவிடுங்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. வண்டிக் கம்பெனி கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. பஸ் பாடிக்கு ஏஐஎஸ் 052 என்ற தர விதி உண்டு. வெட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது, வெட்டிய பிறகு எஃப்சி என்ற தகுதிச் சான்று கிடைக்காமல் அலைவதை விட மேல்.

கடைசியாக ஒரு யோசனை. அடுத்த முறை பட்டறைக்கு டிராயிங் கொடுக்கும்போது நீளம், அகலம், கனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு ஓரத்துக்கும் பக்கத்தில் "இங்கே வெல்டிங்", "இங்கே பெயின்ட்", "இது போல்ட் துளை", "இங்கே லோடு வரும்" என்று எழுதிக் கொடுங்கள். எந்த மெஷினில் போடுவது, எந்த ஓரத்தைத் தேய்ப்பது என்று பட்டறைக்காரரே சொல்லிவிடுவார். அதை எழுத ஒரு பேனா போதும்.