நின்றுபோன மீட்டரும் பதினைந்து வருட ஆர்.சி.யும்

(26.01.2026 குடியரசு தின விழாவில், கொடியேற்றத்துக்குப் பின் நம் குடியிருப்பு வளாகத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதற்கிணங்க எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னை "ஏதாவது உபயோகமா பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வட்டி விகிதம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது பைக்கின் ஸ்பீடாமீட்டர் பற்றி. சிரிக்கிறீர்கள். போன வாரம் இரண்டு பார்க்கிங்கையும் ஒரு நடை சுற்றிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் பாதிக்கு மீட்டர் கண்ணாடிக்குள் நீராவி கட்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது முழுகின வண்டிகள்தான் பெரும்பாலும். இன்ஜினைச் சரிசெய்தோம், சீட்டை மாற்றினோம், மீட்டரை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். அதை நமக்கு நினைவூட்டியவர் நம் இரவுக் காவலர்.

அவர் மாஞ்சோலை ஆள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால் நாலுமுக்கு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் உருவான கதையை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கே மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பம் அவருடையது. 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்தியது. ஆகஸ்டில் அவர் மலையிறங்கி வீரவநல்லூரில் வாடகைக்கு வந்தார். தினமும் சாயங்காலம் முப்பத்தொரு கிலோமீட்டர் பைக்கில் வந்து நம் கேட்டில் நிற்கிறார், விடிந்ததும் திரும்பிப் போகிறார்.

அவருக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2010-இல் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளையில் நான் இருந்தபோது, அந்த பைக்குக்குக் கடன் எழுதினவனே நான்தான். ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். முப்பத்தாறு தவணை, ஒன்றுகூடத் தவறியதில்லை. நாலுமுக்கிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து கட்டிவிட்டுப் போவார். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்தான் என்னை அடையாளம் கண்டார். "சார், லோன் சார்தானே?"

செப்டம்பரில் ஒரு ராத்திரி ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், வண்டிக்கு பதினஞ்சு வருஷம் முடியப் போவுது. எஃப்.சி. காட்டணுமாம். மீட்டர் ஓடலைன்னா பாஸ் பண்ண மாட்டாங்கன்னு சொல்லுதாங்க. பழைய இரும்புக்குப் போட்டுருன்னு மவன் சொல்லுதான்."

வண்டி போனால் வேலை போச்சு. ராத்திரி ஷிப்ட்டுக்கும் விடிகாலை வீடு திரும்பவும் ஒத்துவருகிற பஸ் அவருக்கு இல்லை. ஆகவே இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடிவதற்கு 60 நாளுக்குள் கொடுக்கலாம், அதற்கு முன்னால் எடுக்க மாட்டார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் பைக்குக்குக் கட்டணம் 300-இலிருந்து 1,000 ரூபாய் ஆகிவிட்டது. தாமதமானால் மாதத்துக்கு 300 கூடுதல். 20 ஆண்டு தாண்டின பைக்குக்குப் போன ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். சேஸிஸ் நம்பர், விளக்குகள், ஹாரன், பிரேக், டயர், கண்ணாடி, அதோடு ஸ்பீடாமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதி 117 வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் இருந்தே ஆகவேண்டும் என்கிறது.

"புதுப்பிக்காமலே ஓட்டினால் என்ன, நம்ம ஏரியாவுக்குள்தானே" என்பவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தற்காலிகப் பதிவு காலாவதியான கார் திருடுபோயிற்று. பாலிசி நடப்பில் இருந்தும் இன்சூரன்ஸ் பணம் கிடையாது என்று தீர்ப்பு. பதிவு இல்லாத வண்டிக்கு பிரீமியம் கட்டுவது என்பது, மூடின கணக்கில் பணம் போடுகிற மாதிரி.

நம் காவலர் போன முதல் பட்டறையில் ஒரு வழி சொன்னார்களாம். இன்னொரு வண்டியின் மீட்டரைக் கழற்றி ஒரு நாளைக்கு மாட்டி, காட்டிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம், 300 ரூபாய். அவருக்கும் அது பிடிக்கவில்லை. என்னிடம் கேட்டபோது நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். ஆடிட்டுக்கு முதல் நாள் ராத்திரி பக்கத்துக் கிளையிலிருந்து கேஷ் கடன் வாங்கிப் பெட்டியில் வைக்கிற வேலை அது. வேறு மாடல் மீட்டராக இருந்தால் இன்னும் மோசம். சக்கர அளவும் பல்சக்கரக் கணக்கும் மாறும், முள் ஓடும், ஆனால் காட்டுவது தப்பு வேகம்.

சரி, மீட்டர் எப்படி வேலை செய்கிறது? இது தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பழைய பைக்கில் முன் சக்கரத்து பிரேக் தட்டுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. மீட்டர் வார்ம் என்பார்கள். சக்கரம் சுற்றினால் அது சுற்றும். அதில் ஒரு கேபிள் செருகியிருக்கும். வெளியே ரப்பர் உறை, உள்ளே முறுக்குக் கம்பி, முனை சதுரமாக இருக்கும். அந்தக் கம்பி மேலே போய் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனாலும் காந்தம் சுழலும்போது கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கிறது, அதுதான் வேகம். பழைய ஈ.பி. மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றுமே, அதில் ஒரு காந்தம் தட்டைத் தொடாமலே பிரேக் பிடிக்கும், அதே தத்துவம். ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902-இல் காப்புரிமை வாங்கினது. நூறு வருடத்துக்கு மேலும் இதுவேதான் ஓடியது.

கிலோமீட்டர் எண்களை ஓட்டுவதும் அதே கேபிள்தான், ஆனால் அது காந்தம் வழியாக இல்லை, நேரடியாகப் பல்சக்கரங்கள் வழியாக. இதிலிருந்து ஒரு வைத்திய முறை கிடைக்கிறது. முள்ளும் எண்ணும் இரண்டும் நின்றிருந்தால், கோளாறு பெரும்பாலும் கீழே: கேபிள் அல்லது வார்ம். எண் ஓடி முள் மட்டும் நின்றால் காந்தம், கிண்ணம், வில் பக்கம். முள் ஓடி எண் நின்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். முள் நடுங்கினால் கேபிள் வறண்டு போயிருக்கும், அல்லது எங்கோ மடிந்திருக்கும். "மீட்டர் போச்சு, புதுசு போடணும்" என்று பட்டறையில் சொன்னவுடன் தலையாட்டாதீர்கள். கேபிளைப் பாருங்கள் முதலில்.

நாங்கள் ஒரு ஞாயிறு காலை பி பிளாக் பார்க்கிங்கில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, மீட்டர் பக்கத்துக் கேபிளைக் கழற்றினோம். சக்கரத்தைக் கையால் சுற்றினோம். கம்பி அசையவில்லை. கீழ் முனையையும் கழற்றி இழுத்தால், கம்பி இரண்டு துண்டாக வந்தது. "மலையிலேயே அறுந்திருக்கும் சார்," என்றார். தட்டுமுட்டுச் சாமான், ஒரு தையல் மெஷின் தலை எல்லாம் பின்னால் கட்டி மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு நோக்கி இறங்கும்போது, சாரல் ஈரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. கேபிள் நசுங்கியது, கண்ணாடி விரிந்தது. அன்றிலிருந்து மீட்டர் 61,407-இல் நிற்கிறது.

புதுக் கேபிள் போட்டோம். வார்மின் பல் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். கிரீஸ் தடவும்போது ஒரு எச்சரிக்கை. லேசாகத் தடவுங்கள், மேல் முனையில் இரண்டு விரல்கடைக்குத் தடவவே வேண்டாம். அதிகம் வைத்தால் கம்பி சுழலச் சுழல கிரீஸ் மேலே ஏறிக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு முள் தானாகவே தவறு காட்டும். என் சொந்த வண்டியில் இதைச் செய்து கெடுத்த அனுபவம் உண்டு.

முள் எழுந்தது. எண் மட்டும் நகரவில்லை. விரிசல் வழியே ஈரம் இறங்கி உள்ளே துரு. ஆட்டோ மீட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் வளையத்தைப் பிரித்து, எண் சக்கரங்களைச் சுத்தம் செய்து, புதுக் கண்ணாடி ஒட்டினார். "புது மீட்டரே போட்டுரலாமே, சைபர்ல இருந்து வரும், வித்தா நல்ல விலை போவும்" என்றார். நம்மவர் வேண்டாம் என்றுவிட்டார். "சார், இது மலையில ஓடின கணக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு இங்கே குமாஸ்தா புத்தி குறுக்கே வந்தது. மீட்டர் நின்ற பிறகு ஓடிய கணக்கு? ஒரு நாளைக்கு 62 கிலோமீட்டர், மாதம் 26 நாள், 14 மாதம். 22,568 வருகிறது. இவ்வளவு தூரத்துக்கு அவர் ஆயில் மாற்றியது இரண்டே தடவை. கிலோமீட்டர் தெரிந்தால்தானே மாற்றத் தோன்றும்? இன்ஜினிலிருந்து வந்த சத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று மெக்கானிக் சொன்னார். சர்வீஸ் நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன்: மீட்டர் 61,407, மீட்டர் நின்றிருந்த காலத்தில் உத்தேசமாக 22,500, கூட்டிக்கொள்ளவும். மீட்டரையே மாற்றுபவர்களும் இப்படி எழுதி வையுங்கள். நாளைக்கு வாங்குகிறவருக்குக் காட்ட ஒரு சீட்டு இருக்கும்.

செலவு விவரம் கேட்பீர்கள். கேபிள் 160, வார்ம் 110, மீட்டர் சுத்தமும் கண்ணாடியும் 350. ஆக 620 ரூபாய். இது நாங்கள் கொடுத்தது, கடைக்குக் கடை வித்தியாசப்படும்.

பிறகு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்தோம். இதற்குக் கருவி வேண்டாம். நாற்கர சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறதல்லவா, முள்ளை 40-இல் நிறுத்தி ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 விநாடி ஆக வேண்டும். அவர் ஓட்ட, நான் பின்னால் கடிகாரத்தோடு. இருவருக்கும் ஹெல்மெட், வீட்டில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 94 விநாடி ஆயிற்று. அதாவது உண்மை வேகம் 38 சொச்சம், மீட்டர் சற்றுக் கூடக் காட்டுகிறது. அது சரிதான். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. 90-க்குக் குறைவாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆர்.சி.யைப் பார்த்தபோது இன்னொன்று. கடன் 2013-லேயே முடிந்தும், வங்கிக்கு அடமானம் என்ற குறிப்பு அப்படியே இருந்தது. நான் கொடுத்த படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் பத்திரமாக நாலுமுக்கு டிரங்குப் பெட்டியிலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகவே இல்லை. கொடுக்கும்போது இதை அங்கே கொண்டுபோய்ப் பதிய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பழைய தேதிச் சான்று செல்லாது என்பதால் கிளைக்கு மறுபடி நடந்து புதிதாக வாங்கினோம். உங்கள் ஆர்.சி.யையும் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள்.

ஆய்வு நாள் அக்டோபரில். நானும் கூடப் போனேன். ஆய்வாளர் சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார், வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி முள்ளைக் கவனித்தார், தலையசைத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து பின்னால் போய், "நம்பர் பிளேட் லைட் எரியலையே" என்றார். ஒரு மாதம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததில் 15 ரூபாய் பல்பை இருவரும் கவனிக்கவில்லை. வெளியே ஓடி மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் மறுபடி நின்றோம். மத்தியானத்துக்குள் பாஸ். பதிவு 2030 வரை.

புது வண்டிக்காரர்கள் "எங்களுது டிஜிட்டல்" என்று சும்மா இருக்க வேண்டாம். அதில் கேபிளுக்குப் பதில் சென்சார், வயர். வயர் கனெக்டரில் வெள்ளத் தண்ணீர் பச்சை பிடித்திருந்தாலே மீட்டர் செத்துப்போகும். போர்டையே மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வருகிற பிப்ரவரி 1 ஞாயிறு காலை ஏழு மணிக்கு பி பிளாக் பார்க்கிங்கில் நானும் நம் காவலரும் இருப்போம். அவருக்கு ஷிப்ட் முடிகிற நேரம், ஆனாலும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். ஸ்பேனர், பிளையர், கொஞ்சம் கிரீஸ் என்னிடம் இருக்கிறது. வண்டியை எடுத்து வாருங்கள், கூடவே ஆர்.சி.யையும். 2011, 2012 பதிவு வண்டிக்காரர்கள் முதலில் வாருங்கள். காவலருக்குக் காபி கொண்டுவருபவர்கள் சர்க்கரை குறைவாகப் போடவும்.