விதியும் விலக்கும்: வகுப்பறையில் ஒரு விசாரணை

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நாம் எல்லோரும் தினமும் விதிவிலக்கு வழங்குகிறோம். காலைமணி அடித்த பிறகு வரும் மாணவனை வெளியே நிறுத்துவது விதி. “பஸ் லேட்டு சார்” என்று அவன் சொன்னதும் உள்ளே விடுவது விலக்கு. அடுத்த நாள் இன்னொருவனை நிறுத்தினால், “அவனை மட்டும் விட்டீங்களே?” என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்விக்குக் காரணம் சொல்ல முடிந்தால் நம் விலக்கு நியாயமானது. சொல்ல முடியாவிட்டால் அது சலுகை.

ஊர் அளவிலும் இதே கதைதான். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் ஆலை, எதில் வேளாண்மை என்று வகுப்பது நில உபயோகத் திட்டம். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். நில உபயோகத்தை மாற்றித் தரும்படி உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். கட்டட விதியிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 113-ஆம் பிரிவு அரசுக்குத் தருகிறது.

1980-களின் இறுதியில் இந்தப் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்ட 62 அரசாணைகளை எதிர்த்து நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலக்கு அளிக்கும் அதிகாரம் செல்லும். ஆனால் காரணம் காட்டாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறி, அந்த ஆணைகளை ரத்து செய்தது. வகுப்பறையில் பையன் கேட்ட அதே கேள்விதான்.

காரணம் கேட்பது ஏன் முக்கியம்? விலக்கினால் வரும் லாபம் விண்ணப்பித்தவருக்கு. அதன் சுமை வேறொருவர் தலையில் விழுகிறது. அந்த வேறொருவர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், திருமணம் ஒன்றுக்காகச் சாலை நடுத்திட்டில் அனுமதியின்றி வைத்திருந்த பேனர், இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது பொறியாளர் மீது சரிந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த லாரி ஏறியது. அவர் இறந்தார். பேனர் வைத்தவருக்கு அவர் யாரென்றே தெரியாது. பலகைக்கு உரிமம், அளவு, இடம் என்று விதி வைப்பது இப்படி முகம் தெரியாத ஒருவருக்காகத்தான்.

இதை ஆறாம் வகுப்பு உள்ளாட்சிப் பாடத்தோடு சேர்த்து எப்படி நடத்தலாம்? நம் மாவட்டத்திலேயே நல்ல களம் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி பெற வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். விண்ணப்பங்களைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் பரிசீலிக்கிறது. பெரம்பலூர் ஆசிரியர்களுக்கு ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது; அதுவும் இதே பாதுகாப்பில் உள்ளதே.

வகுப்பில் இரண்டு விண்ணப்பங்களைக் கற்பனையாகக் கொடுங்கள். முதல் வீடு கோயிலிலிருந்து 80 மீட்டரில். இரண்டாவது 250 மீட்டரில். இருவரும் மகனின் திருமணத்துக்கு முன் மாடி கட்ட விரும்புகிறார்கள். இரண்டாமவர் கூடுதலாக, தன் கடைக்குச் சாலையோரம் உயரமான விளம்பரப் பலகையும் கேட்கிறார். மாணவர்களில் இருவர் விண்ணப்பதாரர், ஒருவர் அண்டை வீட்டார், ஒருவர் நடைபாதையில் பள்ளிக்கு வரும் மாணவி, ஒருவர் தொல்லியல் அலுவலர். ஐந்து பேர் குழு.

குழு நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். எந்த விதி இதைத் தடுக்கிறது? அந்த விதி யாரைக் காக்க வந்தது? விலக்கு தந்தால் யாருக்கு என்ன ஆகும்? உயரத்தைக் குறைப்பது, பலகையைச் சுவரோடு பொருத்துவது போன்ற நிபந்தனையோடு தர முடியுமா?

80 மீட்டர் வீட்டுக்காரருக்கு மாடி கிடைக்காது என்று தெரிந்ததும் வகுப்பில் சலசலப்பு எழும். “தாத்தா காலத்து வீடு சார், அவங்க என்ன தப்பு பண்ணாங்க?” என்பார்கள். அவசரப்பட்டு அடக்காதீர்கள். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நாடு முழுவதும் போற்றும் ஒரு கோயிலைக் காப்பதில் அவர் குடும்பம் மற்றவர்களைவிடக் கூடுதல் சுமை தாங்குகிறது. விதி சரியாக இருக்கும்போதும் அதன் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. அவருக்கு ஊர் என்ன செய்யலாம் என்று அடுத்த கேள்வியாகக் கேளுங்கள். பாடத்தின் மிகக் கனமான இடம் இதுதான்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இன்னும் எளிதாகத் தொடங்கலாம். பள்ளியைச் சுற்றியுள்ள தெருவை வரையச் சொல்லி, வீட்டுக்கு ஒரு வண்ணம், கடைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று தீட்டச் செய்யுங்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த எல்லையையும் வரைபடத்தில் குறிக்கலாம். அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் சிமெண்ட் ஆலையையும் லாரி போகும் சாலையையும் தாமாகவே சேர்த்துவிடுவார்கள். குடியிருப்பும் ஆலையும் ஏன் தள்ளி இருக்க வேண்டும் என்று அதன் பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குழு அனுமதித்ததா, மறுத்ததா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் ஐந்து வரியில் காரணம் எழுதட்டும். தோற்ற விண்ணப்பதாரர் அதைப் படித்து, “பிடிக்கவில்லை, ஆனால் புரிகிறது” என்று சொல்லும்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். நாளை இவர்களில் ஒருவர் ஊராட்சி மன்றத்திலோ நகராட்சியிலோ அமர்ந்து, இப்படி ஒரு கோப்பைப் பார்க்கத்தான் போகிறார்.